“சாதாரண ஆபரேஷன்தான்” என்றார்கள்: ஒரு சிப்பிப்பாறையோடு நான் பட்ட பாடு

பெண் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் என்பது இன்றைக்குச் சென்னையில் தினமும் நடக்கிற காரியம். காலையில் கொண்டுபோய் விட்டால் சாயங்காலம் கூட்டி வந்துவிடலாம், பத்துப் பதினைந்து நாளில் தையல் பிரித்துவிடுவார்கள், அவ்வளவுதான். பெரும்பாலான நாய்களுக்கு அப்படித்தான் நல்லபடியாக முடிகிறது. நான் ஃபாஸ்டராக, அதாவது தத்துப் போகும் வரை தற்காலிகமாக, வைத்திருந்தது ஒரு சிப்பிப்பாறை. கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கிற, ஒல்லி உடம்பு வேட்டைநாய் வகை. இந்த வகைக்கு மயக்க மருந்திலும், உடம்புச் சூட்டிலும், ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரத்தக்கசிவிலும் தனிக் கவனம் வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தனியாக இருக்கும் ஒரு பெண்ணாக, மாடி போர்ஷனில், ராத்திரி முழுக்க ஒரு நாயின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகு, இதை எழுதி வைத்தால் அடுத்து வருகிறவருக்காவது உதவும் என்று தோன்றியது.

நாய் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையோரம், கழுத்தில் கயிறு அறுத்த புண்ணோடு திரிந்துகொண்டிருந்தது. செவலை நிறம். அதனால் செவலை என்றே கூப்பிட்டோம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு நாய் என்று ஒரு பெருமை வந்ததே, அது நல்ல விஷயம்தான். ஆனால் கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கென்று வளர்ந்த நாயை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் கட்டிப்போட்டால் அது சோபாவைத்தான் கிழிக்கும். கிழித்ததும் கொண்டுபோய் ரோட்டில் விட்டுவிடுகிறார்கள். செவலையின் கதையும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். மீட்புக் குழுவில் இருந்த அக்கா ஒருவர், “தத்துக் கொடுக்கிற வரைக்கும் வெச்சுக்கோம்மா, செலவெல்லாம் குழு பாத்துக்கும்” என்றார். கீழ் வீட்டு ஆன்ட்டிதான் வீட்டு ஓனர். அவர் முதல் நாளே, “எலும்பு தெரியுது, சோறே போடறதில்லையா?” என்று கேட்டுவிட்டார். கடைசி ஓரிரு விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த நாய்களுக்கு இயல்பு என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டார். தினமும் மதியம் ஒரு கிண்ணம் தயிர்சாதம் படியேறி வந்துகொண்டிருந்தது.

“செலவெல்லாம் குழு பாத்துக்கும்” என்ற அந்த வாக்கியத்தில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. ஃபாஸ்டர் என்பவர் நாய்க்குச் சோறு போடுகிறவர், உரிமையாளர் அல்ல. ஆனால் ஆஸ்பத்திரியில் நீட்டுகிற சம்மதப் படிவத்தில் ‘உரிமையாளர் கையொப்பம்’ என்றுதான் இருக்கும். மயக்க மருந்தால் உயிருக்கு ஆபத்து வரலாம், அதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்று கீழே சின்ன எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். அதில் நீங்கள்தான் கையெழுத்துப் போடப்போகிறீர்கள். அதனால் முன்னாடியே குழுவிடம் வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் வந்தால் எவ்வளவு ரூபாய் வரை நான் கேட்காமல் செலவு செய்யலாம், அதற்கு மேல் போனால் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் போன் எடுக்காவிட்டால் அடுத்து யார். போனில் வாய்வார்த்தையாகச் சொன்னது ராத்திரி பதினொரு மணிக்கு எதற்கும் உதவாது. எனக்கு வேண்டியிருந்த நேரத்தில் அக்கா திருநெல்வேலி ரயிலில் இருந்தார், சிக்னல் இல்லை.

செவலை வந்தபோது காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி. உடனே ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ரிப்போர்ட்டில் இரண்டு இடத்தில் சிவப்பு எழுத்து. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் பிசிவி 56 என்று அதிகமாகவும், பிளேட்லெட் 1.4 லட்சம் என்று குறைவாகவும் வந்தது. முதலில் பார்த்த டாக்டர், உண்ணிக் காய்ச்சலாக இருக்கும், உடம்பில் நீர்ச்சத்தும் குறைவு என்று டாக்ஸிசைக்ளின் நாலு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். சென்னையில் உண்ணியோடு வரும் நாய்க்குப் பிளேட்லெட் குறைந்திருந்தால் எந்த டாக்டரும் அதைத்தான் முதலில் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். அந்த நோய்க்கிருமியைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. மாத்திரை முடிந்து மறுபடி பார்த்தால் எண்கள் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. கிரேஹவுண்ட் போன்ற வேட்டைநாய்களுக்குப் பிசிவி 50-க்கு மேல் இருப்பதும், பிளேட்லெட் மற்ற நாய்களைவிடக் குறைவாக இருப்பதும் சகஜமாம். லேப்காரர்கள் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ எல்லா நாய்க்குமான பொதுக்கணக்கு. இது எனக்குப் பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த ரிப்போர்ட்டை போனில் வைத்திருந்தேன் பாருங்கள், அதுதான் பிற்பாடு நாயைக் காப்பாற்றியது. அதனால், நாய் நன்றாக இருக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து வைத்துவிடுங்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஆகும். குழு தராவிட்டால் கைக்காசு போட்டாவது எடுங்கள்.

இனி ஆபரேஷன் நாள். நாய் சமீபத்தில் பருவத்துக்கு வந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுவது நல்லது, அந்தச் சமயத்தில் கர்ப்பப்பைப் பகுதிக்கு ரத்த ஓட்டம் அதிகம். செவலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சாப்பாடு இல்லை. வரவேற்பறையில் ஒரு மாமி மடியில் கூடை, கூடைக்குள் பூனை. அது ஒரு தடவை சன்னமாகக் குரல் கொடுத்தது. செவலையின் காது இரண்டும் நிமிர்ந்தன, ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது, அடுத்த நொடி கழுத்துப் பட்டை மட்டும் என் கையில் இருந்தது. இந்த நாய்களுக்குத் தலை ஒடுங்கலாகவும் கழுத்து தடிப்பாகவும் இருக்கும். சாதாரணப் பட்டை பின்பக்கமாக இழுத்தால் கழன்று வந்துவிடும். வாசல் கதவு சாத்தியிருந்ததால் பிழைத்தோம், இல்லாவிட்டால் நாய் மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது, நானூறு ரூபாய்க்குள் வரும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அதோடு மார்புப் பட்டையும் போட்டு, இரண்டு கயிறாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்ன மயக்க மருந்து கொடுப்பீர்கள் என்று கேட்டேன். “வழக்கமா கொடுக்கறதுதாம்மா, கவலைப்படாதீங்க” என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்வதில் பிரயோசனமில்லை, ஒரு நாளைக்கு எத்தனையோ நாய் பார்க்கிறார். ஆனால் கேள்வியை அப்படிப் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும். தயோபென்டோன் என்ற மயக்க ஊசி கொடுப்பீர்களா, புரோபோஃபால் ஊசி போட்டு ஐசோஃப்ளுரேன் கேஸில் வைப்பீர்களா, மூச்சுக்குழலில் டியூப் போடுவீர்களா, ஆபரேஷன் நடக்கும்போது உடம்புச் சூட்டைப் பார்ப்பீர்களா, கீழே சூடு கொடுக்கும் விரிப்பு இருக்கிறதா, நாய் தலை தூக்கி உட்காரும் வரை யார் கூட இருப்பார்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேஸ் மயக்கம் இருக்கும் இடத்தில் பில் கூடும். நான் போன இடத்தில் எட்டாயிரம், கேஸ் வசதி உள்ள இடங்களில் பன்னிரண்டு, பதினைந்து கேட்டார்கள். குழு எட்டாயிரத்தைத் தேர்ந்தெடுத்தது. அவர்களிடமும் கோபமில்லை, அந்த வித்தியாசத்தில் இன்னொரு நாய்க்குப் பாதி ஆபரேஷன் முடிந்துவிடும்.

பதினோரு மணிக்கு உள்ளே போன நாயை மதியம் இரண்டு மணிக்கு “ஆச்சும்மா, நல்லபடியா முடிஞ்சுது” என்றார்கள். சாயங்காலம் ஆறு மணி வரை அது கண்ணைத் திறக்கவில்லை. அதே நேரத்தில் ஆபரேஷன் முடிந்த ஒரு தெருநாய் எழுந்து நின்று வாலாட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, முழிச்சுக்கும், நாங்க மூடற நேரம்” என்றார் உதவியாளர். ஏசி போட்ட அறையில் எஃகு மேஜை மேல் பழைய பேப்பரை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். தொட்டால் காதும் பாதமும் ஜில்லென்று இருந்தன. பதினேழு கிலோ நாயை போர்வையில் வைத்துத் தூக்கி, இரண்டு ஆட்டோ மறுத்து மூன்றாவது ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு, மாடிப்படியில் அவரே ஒரு பக்கம் பிடித்து மேலே கொண்டுவந்து விட்டார். காசு கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 97 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 100.5-லிருந்து 102.5 வரை இருக்க வேண்டும். உடம்பில் கொழுப்பு இல்லை, முடியும் பட்டு போல மெல்லியது, வயிறு முழுக்க மழித்து ஈரப்படுத்தியிருக்கிறார்கள், இதில் ஏசி வேறு. சூடு குறைந்தால் மயக்க மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவதும் தாமதமாகும், மருந்து வெளியேறாவிட்டால் நாய் அசையாது, அசையாவிட்டால் சூடு ஏறாது. அன்றைக்கு நான் செய்தது: ஃபேனை நிறுத்தினேன், தரையில் பாயும் அதன்மேல் கம்பளியும் போட்டேன், பிளாஸ்டிக் பாட்டில்களில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பக்கவாட்டில் வைத்தேன். துண்டு சுற்றாமல் வைக்கவே கூடாது, மயக்கத்தில் இருக்கும் நாய் சுட்டால்கூட விலகாது, தோல் வெந்துவிடும். அவ்வப்போது பக்கம் மாற்றிப் படுக்க வைத்தேன். வாயில் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கீழ் வீட்டு ஆன்ட்டி வந்து நின்றார், கூடாது என்று சொல்லிவிட்டேன். விழுங்கும் உணர்வு திரும்பாத நாய்க்குத் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

நள்ளிரவு தாண்டி அது ஊளையிட ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து வந்த ஒரு நீண்ட ஊளை. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைத் தெரியவில்லை. நான் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. மயக்கம் தெளியும்போது சில நாய்கள் குழப்பத்தில் இப்படிக் கத்தும், எல்லாமே வலியால் அல்ல என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ராத்திரி பாதியாகியிருக்கும். விளக்கைக் குறைத்து, பேச்சுக் கொடுக்காமல், பக்கத்தில் கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் போதும். விடியும் நேரத்தில் எழுந்து தள்ளாடி நின்றது, பாயை நனைத்தது, என் காலடியில் வந்து படுத்தது. சூடு 100-ஐத் தொட்டிருந்தது.

டிஸ்சார்ஜ் சீட்டில் தயோபென்டோன் என்று எழுதியிருந்ததை அடுத்த நாள்தான் கவனித்தேன். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் அதைப் படித்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். இந்த மருந்து ஊசி போட்டதும் மூளைக்குப் போய் மயக்கிவிட்டு, அப்புறம் தசைக்கும் கொழுப்புக்கும் பரவிப் போவதால்தான் நாய் விழிக்கிறதாம். கொழுப்பே இல்லாத உடம்பில் அதற்குப் போக்கிடம் குறைவு. போதாததற்கு, கிரேஹவுண்டுகளின் கல்லீரல் இந்த மருந்தைச் சிதைக்க மற்ற நாய்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பல வருடங்களுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். புரோபோஃபாலும் கிரேஹவுண்டில் கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் சமாளிக்கலாம் என்றார். “நம்ம சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், முதோல் எல்லாத்துக்கும் நான் கிரேஹவுண்டுன்னே நினைச்சுத்தாம்மா மருந்து கணக்குப் போடுவேன்” என்றார். நீங்கள் டாக்டரிடம் சொல்லவேண்டிய வாசகமும் அதுதான்: இது கிரேஹவுண்ட் வகை உடம்பு, தயோபென்டோன் வேண்டாம். நாட்டு நாய் என்று மட்டும் சொன்னால் தெருநாய்க் கணக்கில் போய்விடும்.

நடுவில், நாய் தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கோன் பற்றி. கடையில் எடைக்கு ஏற்ற அளவு கொடுப்பார்கள். செவலையின் கழுத்தும் மூஞ்சியும் நீளம், அந்தக் கோனைத் தாண்டி மூக்கு எட்டி நேராகத் தையலை நக்கியது. ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். எங்கள் தெரு டெய்லர், என் பழைய காட்டன் நைட்டியை வெட்டி, நாலு காலுக்கு ஓட்டை வைத்து, முதுகில் நாடா கட்டுகிற மாதிரி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார், வாலுக்குக் கீழே மட்டும் திறப்பு. அறுபது ரூபாய். கோனைவிட அதுதான் பலித்தது. இன்னொன்று, இந்த நாய்களின் தோல் காகிதம் மாதிரி. ஊசி போட்ட இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை வீட்டில் உரித்தபோது கூடவே தோலும் வந்தது. பிளாஸ்டரைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து எடுங்கள், தையல் பக்கம் எண்ணெய் போகாமல். வலிக்கு டாக்டர் கொடுத்த மெலாக்சிகாமைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். மனிதர்களுக்கான புரூஃபன் போன்ற மாத்திரைகள் நாய்க்கு விஷம், யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு ஆகியும் உண்மையான ஆபத்து அப்புறம்தான் வந்தது. ஆபரேஷன் முடிந்து ஒன்றரை நாள் இருக்கும், ராத்திரி நைட்டிச் சட்டையை மாற்றும்போது பார்த்தால் தையலைச் சுற்றி நாவல்பழ நிறம். காலையில் ஐந்து ரூபாய்க் காசு அளவு இருந்தது இப்போது தொடையின் உட்பக்கம் வரை இறங்கியிருந்தது. துணியில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், “கொஞ்சம் கன்றிப்போறது நார்மல்தாம்மா, காலையில வாங்க.” கொஞ்சம் கன்றுவது நார்மல்தான். ஆனால் பேனாவால் ஓரத்தில் கோடு போட்டுப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டது. ஈறைத் தூக்கிப் பார்த்தால் ரோஜா நிறம் போய் வெளிறியிருந்தது. ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், இது தாமதித்தது. இந்த மூன்றும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். அக்காவுக்கு அடித்த போன் எல்லாம் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. இருபத்துநாலு மணி நேர ஆஸ்பத்திரி ஒன்றுக்கு டாக்சி பிடித்துப் போனேன்.

அங்கே ரத்தம் எடுத்தார்கள். பிசிவி 39. லேப் ரிப்போர்ட்டில் அது சிவப்பு எழுத்தில்கூட இல்லை, நார்மல் என்றே வந்திருந்தது. டாக்டர், “பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?” என்றார். போனைக் காட்டினேன். 56-லிருந்து 39. அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மற்ற நாய்க்கு 39 ஒன்றுமில்லை, இந்த நாய்க்கு அது நிறைய ரத்தம் போயிருப்பதற்கான கணக்கு. ஸ்கேனில் வயிற்றுக்குள் பெரிதாக ரத்தம் தேங்கவில்லை, உள்ளே கட்டிய முடிச்சு அவிழவில்லை என்று தெரிந்தது. கிரேஹவுண்டுகளில் ஒரு பகுதிக்கு, ஆபரேஷன் நன்றாகவே முடிந்திருந்தாலும், ஓரிரு நாள் கழித்து, உறைந்த ரத்தத்தை உடம்பே வேகமாகக் கரைத்துவிடுகிற சிக்கல் வரும், அதுமாதிரிதான் இது என்றார். டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி போட்டார்கள், பெண்களுக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமானால் கொடுக்கிறார்களே, அதே மருந்து. வயிற்றைச் சுற்றி அழுத்தக் கட்டு, சலைன், மறுநாள் சாயங்காலம் வரை கண்காணிப்பு. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம், தெரிந்தவர்களிடம் பெரிய நாய் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள் என்றார். நல்லவேளை, அதற்குள் கசிவு நின்றது. தெரிந்த டாக்டர்கள் இந்த மருந்தை ஆபரேஷன் அன்றைக்கே தொடங்கிச் சில நாள் மாத்திரையாகக் கொடுத்துவிடுகிறார்களாம். ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.

பில் பதினெட்டாயிரத்துச் சொச்சம். முன்பணமாகப் பத்தாயிரம் கட்டினால்தான் சேர்ப்பார்கள், என் கார்டில் போட்டேன். ஆபீஸில் லீவு போனது தனி. நாலாயிரம், ஏழாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் மொத்தம் இருபத்தாறாயிரத்தைத் தாண்டியது. குழு பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. மீதிக்கு, “நீ எங்களைக் கேட்காமப் போயிட்டியேம்மா” என்ற பேச்சு வந்தது. அக்கா பேசவில்லை, குழுவில் வேறொருவர். அக்கா தன் கைக்காசிலிருந்து இரண்டாயிரம் அனுப்பினார், திருப்பி அனுப்பிவிட்டேன். முன்னாடி சொன்ன அந்த வாட்ஸாப் எழுத்து இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் ஓய்வு. தையல் பிரிக்கும் வரை ஓடக்கூடாது, தாண்டக்கூடாது, மாடிப்படி கூடாது. ஓடுவதற்கே பிறந்த நாயிடம் இதை எப்படிச் சொல்வது? பால்கனிக் கதவைச் சாத்தினேன், எதிர் மரத்தில் அணில் வரும். மூத்திரத்துக்கு வெளியே போகும்போது மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் கயிற்றில்தான். படியில் தூக்கிக்கொண்டே இறங்கி ஏறினேன், முதுகுவலி இன்னும் போகவில்லை. ஆனால் ஒன்று, இந்த நாய்கள் ஓடாத நேரத்தில் கடைந்தெடுத்த சோம்பேறிகள். மெத்தென்று ஒரு படுக்கை போட்டால் நாள் முழுக்கத் தூங்கும். எலும்பு தரையில் அழுந்தி முழங்கையில் புண் வராமலிருக்கவும் அந்த மெத்தை வேண்டும்.

செவலையைக் கோயம்புத்தூரில் தோட்டத்து வீடு உள்ள ஒரு குடும்பம் தத்தெடுத்திருக்கிறது. நாயோடு ஒரு ஃபைலும் கொடுத்தனுப்பினேன்: இரண்டு ரத்த ரிப்போர்ட், தயோபென்டோன் கொடுத்த சீட்டு, இரண்டாவது ஆஸ்பத்திரியின் குறிப்பு, மேலட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ‘மயக்க மருந்து கொடுக்கும் முன் டாக்டர் இதைப் படிக்கவும்’. அந்த வீட்டு அம்மா போனில், “இனிமே ஆபரேஷன் எதுவும் இல்லையே கண்ணு, எதுக்கு இவ்வளவு பேப்பர்?” என்று கேட்டார். பல் சுத்தம் செய்வதற்குக்கூட நாய்க்கு மயக்க மருந்துதான் கொடுப்பார்கள் என்றேன். “அப்படிங்களா” என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பீரோவில் ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே வைத்துவிடுகிறேன் என்றார்.